ரீச்சரிடம் கேளுங்கள்: வெள்ள நாட்களில் வீட்டுப் படிப்பு

இந்த மாதம் வந்த கடிதங்களை மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். ஊர் வேறு, எழுத்து வேறு, விஷயம் ஒன்றுதான். மழை, வெள்ளம், பள்ளிக்கூடம் இல்லை, பாடம் போனில் வருகிறது, பிள்ளை படிக்கிறது இல்லை, நான் என்ன செய்ய. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களைப் பூட்டியபோது இது நமக்குப் புதுப் பிரச்சினை. பிறகு 2022 இல் பெற்றோல் இல்லாமல் பூட்டினார்கள். 2024 நவம்பரில் உயர்தரப் பரீட்சையே தொடங்கி ஓரிரு நாளில் வெள்ளத்தால் நின்று, டிசம்பரில்தான் திரும்ப நடந்தது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மாரி வந்தால் சில நாட்களாவது பிள்ளை வீட்டில் இருந்துதான் படிக்க வேண்டும், அதற்கு நாங்கள் பழகத்தான் வேண்டும். முதல் கடிதத்துக்கு நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன், ஏனென்றால் அதில் உள்ளது பல வீடுகளின் கதை.

கேள்வி: ரீச்சர், நாங்கள் கொக்கட்டிச்சோலையில் இருந்து இன்னும் உள்ளே ஒரு ஊர். மகன் தரம் 4. பள்ளிக்கூடம் பூட்டினதில் இருந்து வகுப்பு ரீச்சர் வட்ஸ்அப் குரூப்பில் வேலை அனுப்புறா. வீட்டில் ஒரு போன்தான், அதை அவர் வேலைக்குக் கொண்டு போய்விடுவார், இரவு ஏழு மணிக்குத்தான் எங்கள் கையில் கிடைக்கும். நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன். இப்போதைய கணக்கு எனக்கு விளங்குது இல்லை. சொல்லிக் கொடுக்கப் போய் கடைசியில் அவனுக்கு அடித்துவிடுகிறேன், பிறகு நானும் இருந்து அழுகிறேன். அடுத்த வருஷம் தரம் 5 ஸ்கொலசிப் (புலமைப்பரிசில்) பரீட்சை வேறு. நான் என்ன செய்ய?

பதில்: தங்கச்சி, நீங்கள் எட்டாம் வகுப்பு வரை படித்தது இங்கே பிரச்சினையே இல்லை. மனம் ஆறுவதற்காக இதைச் சொல்லவில்லை, கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறேன். நான் வாவிக்கு மேற்கே, உங்கள் படுவான்கரையில் பல வருடம் படிப்பித்தவள். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை துறையில் காத்து நின்று பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் பள்ளிக்கூடம் போனோம், காற்று அடித்தால் அதுவும் இல்லை. அந்தக் காலத்தில் என் வகுப்பில் ஒரு பிள்ளை. தாய்க்குக் கையெழுத்து வைக்கவும் தெரியாது. ஆனால் அந்தத் தாய் ஒவ்வொரு பின்னேரமும் மீன் வெட்டிக்கொண்டே மகளைப் பக்கத்தில் இருத்தி, இன்றைக்கு ரீச்சர் என்ன சொன்னா, எனக்குச் சொல்லு என்று கேட்பார். விளங்காவிட்டால் விளங்கவில்லை, திரும்பச் சொல்லு என்பார். வீட்டுக்குப் போனால் அம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே அந்தப் பிள்ளை வகுப்பில் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு இருந்தது. எந்த இடத்தில் தனக்கே விளங்கவில்லை என்பதும் சொல்லப் போகும்போதுதான் அதற்குத் தெரியும், அடுத்த நாள் காலையில் என் மேசைக்கு வந்து அதை மட்டும் கேட்கும். வாசிக்கத் தெரியாத ஒரு தாய் செய்த வேலை இது. அந்த வகுப்பில் அதிகம் படித்த தாய்தகப்பன் இருந்த சில பிள்ளைகளுக்கு இது கிடைக்கவில்லை.

அதனால் நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டாம். கேளுங்கள். மகன் ஒரு கணக்கைச் செய்த பிறகு, இது எப்படி வந்தது என்று கேளுங்கள். பிழையாக இருந்தாலும் கேளுங்கள், சரியாக இருந்தாலும் கேளுங்கள், பிழையான நேரத்தில் மட்டும் கேட்டால் அவன் கேள்வி வந்தவுடனேயே அழிரப்பரைத் தேடுவான். தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பந்தியை உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, அதில் என்ன இருந்தது என்று சொந்த வாயால் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் அரிசி புடைத்துக்கொண்டும் கேட்கலாம், ஆனால் உண்மையாகவே கேட்க வேண்டும். பிள்ளைக்கு வித்தியாசம் தெரியும்.

கணக்கு விளங்கவில்லை என்றீர்கள். நீங்கள் படித்த முறையை அவனுக்குக் காட்டப் போகவே வேண்டாம், அங்கேதான் சண்டை தொடங்குகிறது. கழித்தலுக்குக் கடன் வாங்குவதையே நீங்கள் ஒரு விதமாகவும் அவனுடைய ரீச்சர் வேறு விதமாகவும் சொன்னால் அவனுக்கு இரண்டும் இல்லாமல் போகும். பாடப்புத்தகத்தில் செய்துகாட்டிய உதாரணம் இருக்கும், அதை உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். அப்படியும் ஒரு கணக்கில் நின்றுவிட்டால் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகட்டும். இரவில் போன் வந்தவுடன் அந்தக் கேள்விக்குறிகளை ரீச்சருக்கு அவனே குரலில் பேசி அனுப்பட்டும். ஒரு ரீச்சராகச் சொல்கிறேன், அம்மாவின் கையெழுத்தில் எல்லாம் சரியாக வரும் கொப்பியை விட நாலு கேள்விக்குறி உள்ள கொப்பிதான் எங்களுக்கு உதவி. எங்கே படிப்பிக்க வேண்டும் என்று அது காட்டித் தரும்.

போன் இரவில்தான் வரும் என்பது குறை போலத் தெரிகிறது, கொஞ்சம் யோசித்தால் அதுவே நன்மையும் ஆகலாம். இரவு பத்து நிமிடம் மட்டும் போனை எடுத்து அன்றைய வேலையைக் கொப்பியில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், எந்தப் பாடம், எத்தனையாம் பக்கம், எத்தனை கணக்கு. அடுத்த நாள் காலையில் போன் இல்லாமலே வேலை நடக்கும், இடையில் கார்ட்டூனும் வராது. வகுப்பு ரீச்சரிடம் ஒரு தரம் சொல்லிப் பாருங்கள்: எங்கள் வீட்டில் போன் இரவில்தான், வீடியோ இறங்க டேட்டாவும் காணாது, பாடப்புத்தகப் பக்கத்தைக் குறிப்பிட்டு ஒரு குரல் மெசேஜ் போட்டால் போதும் என்று. வெட்கப்பட எதுவும் இல்லை. குரூப்பில் உங்களைப் போல இன்னும் எத்தனை பேர் சொல்லாமல் இருக்கிறார்களோ. கொரோனா நாட்களில் பதுளைப் பக்கம் மலைக் கிராமத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காகப் பாறையில் ஏறி இருந்து படித்தார்கள், படம்கூட வந்தது. அதைப் பார்த்துப் பாராட்டினவர்கள் பலர், எனக்கு அந்தப் படம் கவலையாகத்தான் இருந்தது. நம் வீட்டு வசதிக்கு வேலையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

நேரம் என்று பார்த்தால், பள்ளிக்கூட நேரத்தை அப்படியே வீட்டில் வைக்கப் பார்க்காதீர்கள். ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரை வரை ஒன்பது வயதுப் பிள்ளையை ஒரு தாய் பாயில் இருத்தி வைக்க முடியாது, வகுப்பிலும் அந்த நேரம் முழுக்க நாங்கள் படிப்பிப்பது இல்லை, பாட்டு, விளையாட்டு, இடைவேளை எல்லாம் அதற்குள்தான். குளித்து, தலை இழுத்து, சாப்பிட்டு முடிந்ததும் ஒரு இருபது இருபத்தைந்து நிமிடம், பிறகு ஓடட்டும், பிறகு இன்னொரு இருபத்தைந்து நிமிடம். பின்னேரம் வாசிப்புக்கு ஒரு தரம். தரம் 4 க்கு இது போதும், ஆனால் தினமும் அதே நேரம், அதே மூலையில். இன்றைக்கு ஒன்பது, நாளைக்கு பதினொன்று என்று போனால் ஒவ்வொரு நாளும் கூப்பிட்டு இழுத்து வருவதிலேயே உங்கள் பொறுமை முடிந்துவிடும். தொடங்கும்போது அவனுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைச் செய்யட்டும், கஷ்டமானது இரண்டாவது. முதலே கஷ்டத்தில் கை வைத்தால் அன்று முழுக்க முகம் தொங்கும்.

இனி அடிப்பது பற்றி. நீங்கள் மறைக்காமல் எழுதினீர்கள், நானும் மறைக்காமல் சொல்கிறேன். என் மூத்த மகனுக்கு வாய்ப்பாட்டுக்காக நானும் அடித்திருக்கிறேன். வகுப்பில் நாற்பது பிள்ளைகளிடம் இருந்த பொறுமை வீட்டில் ஒரு பிள்ளையிடம் இருக்கவில்லை, அந்த வருத்தம் இன்றும் எனக்குள் இருக்கிறது. அடி விழுமோ என்று பயந்த பிள்ளை கணக்கைப் பார்க்காது, உங்கள் முகத்தைப் பார்க்கும். பன்னிரண்டா என்று சொல்லி முகத்தைப் பார்க்கும், முகம் மாறினால் பதின்மூன்றா என்று மாற்றும். அங்கே யோசனை நின்றுவிட்டது, முகத்தை வாசிப்பது மட்டும்தான் நடக்கிறது. கை ஓங்க வருகிறது என்று தெரிந்தவுடன் எழும்பிக் கிணற்றடிக்குப் போங்கள், முகத்தைக் கழுவுங்கள், ஒரு தேத்தண்ணி குடியுங்கள். அந்தக் கணக்கு அங்கேயே கிடக்கட்டும், கேள்விக்குறியோடு.

ஸ்கொலசிப் என்றால் இரண்டு வினாத்தாள், முதலாவதில் 40 கேள்வி, இரண்டாவதில் 60, மொத்தம் 200 புள்ளி. கட்டாயப் பரீட்சை இல்லை அது. எழுதத்தான் போகிறான் என்றாலும் தரம் 4 இல் மாதிரி வினாத்தாள் கட்டுகளை வாங்கி அடுக்காதீர்கள், காசும் போகும், பிள்ளைக்கும் வெறுத்துவிடும். அந்தப் பரீட்சையில் நம் பிள்ளைகள் பலர் விழுகிற இடம் எனக்குத் தெரியும்: கேள்வியைக் கடைசிவரை வாசிக்க மாட்டார்கள், வாசித்தாலும் கேட்டது என்ன என்று பிடிக்க நேரம் எடுக்கும். இந்த வருடம் வாசிப்புக்குக் கொடுங்கள். பசளைப் பையில் இருப்பது, கோயில் திருவிழா நோட்டீஸ், கடையில் சாமான் சுற்றி வந்த பேப்பர் துண்டு, எதுவானாலும் சத்தமாக வாசிக்கட்டும்.

வெள்ளத்தையே பாடமாக்கலாம். வாசலுக்குக் கிட்ட ஒரு தடியை நட்டு, தினமும் விடிய தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அடிமட்டத்தால் அளந்து கொப்பியில் எழுதட்டும். கூடவே நீங்கள் நிற்க வேண்டும், இந்த நாட்களில் பாம்பும் வரும், கிணறும் தெரியாது. ஒரு கிழமை எழுதினால் நேற்றைக்கும் இன்றைக்கும் எத்தனை சென்ரிமீற்றர் வித்தியாசம் என்று கழித்தல், கட்டம் கீறிக் காட்டினால் வரைபு, ஏன் குறைந்தது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடி எந்த வாவியில் சேருகிறது என்று கேட்டால் சுற்றாடல். அவர் வயலால் வந்தவுடன் மகனிடம் கேட்கட்டும், இன்றைக்கு எவ்வளவு என்று. தகப்பன் கேட்கிறார் என்றால் அந்தப் பிள்ளை அடுத்த நாள் உங்களுக்கு முதலே எழும்பி நிற்கும்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் ரீச்சர். சாய்ந்தமருது ஊர். நான் இப்போது கட்டாரில் ஒரு வீட்டில் வேலை செய்கிறேன், மகள் என் உம்மாவோடு இருக்கிறாள், தரம் 7. நாள் தவறாமல் இரவில் வீடியோ கோல் எடுத்து படித்தாயா மகள் என்று கேட்பேன், ஓம் உம்மா என்பாள். தவணைப் பரீட்சையில் கணிதம் 31. உம்மாவுக்கு வயது போய்விட்டது, கண்டிக்க ஏலாது. இவ்வளவு தூரத்தில் இருந்து நான் என்ன செய்யலாம்?

பதில்: வஅலைக்கும் ஸலாம் மகள். படித்தாயா என்ற கேள்விக்கு உலகத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பதில்தான், ஓம். அந்தக் கேள்வியை இன்றோடு விட்டுவிடுங்கள். இன்றைக்குப் படித்ததில் ஒன்றை எனக்குச் சொல்லித் தா என்று கேளுங்கள். அவள் கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனை நிமிர்த்தி வைத்து ஒரு கணக்கை உங்களுக்குச் செய்து காட்டட்டும், ஐந்து நிமிடம் போதும்.

அடுத்தது நேரம். நமக்கும் கட்டாருக்கும் இரண்டரை மணித்தியாலம் வித்தியாசம். உங்களுக்கு வேலை முடிந்து இரவு ஒன்பதுக்கு நீங்கள் எடுத்தால் இங்கே பதினொன்றரை. தரம் 7 பிள்ளை அந்த நேரம் வரை உம்மாவின் முகம் பார்க்க விழித்திருக்கிறாள், காலையில் தூங்கி வழிந்துகொண்டு பள்ளிக்கூடம் போகிறாள், கணிதத்துக்கு மூளை எங்கே இருக்கும். அந்த வீட்டில் உங்களுக்குப் பகலில் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் என்றால் இரண்டரை மணிக்கு எடுங்கள், இங்கே பின்னேரம் ஐந்து. அது முடியாது என்றால் குரல் மெசேஜ் இருக்கிறதே. காலையில் நீங்கள் ஒரு கேள்வியைப் பேசி அனுப்புங்கள், ஆங்கிலச் சொல் பத்தை வாசித்து அனுப்பினாலும் சரி, அவள் அதைக் கேட்டுக் கேட்டுச் சொல்வதெழுதுதல் எழுதிப் படம் எடுத்து அனுப்பட்டும். நீங்கள் எந்த நேரமும் பார்க்கலாம். உம்மாவின் குரல் வீட்டில் கேட்கும், அது பெரிய விஷயம்.

31 என்ற எண்ணைப் பார்த்துப் பேசாதீர்கள். விடைத்தாளை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, போன புள்ளிகளை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். தெரிந்தும் அவசரத்தில் விட்டது, விளங்காமல் பிழைத்தது, கை வைக்காமலே விட்டது. கை வைக்காமல் விட்டதுதான் கூட என்றால் பயம், நேரம் காணாமை. விளங்காதது கூட என்றால் அது பெரும்பாலும் இந்த வருடத்துப் பாடமாக இருக்காது. பின்னம் தரம் 5 இலேயே உடைந்திருக்கும், அந்த உடைவுக்கு மேலே இரண்டு வருடம் கட்டியிருப்பார்கள். தரம் 5, 6 கணிதப் புத்தகங்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழில் இலவசமாக இருக்கின்றன, நீங்களே அங்கிருந்து இறக்கி அவளுடைய போனுக்கு அனுப்பலாம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் தரம் வாரியாகப் பாடங்கள் உண்டு. கீழ்வகுப்புப் புத்தகம் என்று அவள் வெட்கப்படுவாள். மாமி மக்களுக்கு முன்னால் அதைச் சொல்லிவிடாதீர்கள், உங்கள் இரண்டு பேருக்குள் மட்டும் இருக்கட்டும்.

உங்கள் உம்மாவால் கண்டிக்க முடியாது என்கிறீர்கள். கண்டிக்கவே தேவையில்லை. மஃரிபுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் அவளுக்குப் பக்கத்தில் தஸ்பீஹோடு இருந்தால் போதும், ஒன்பது மணிக்குப் போனை வாங்கித் தன் தலையணைக்குக் கீழே வைத்தால் போதும். ஆனால் அதற்கு நீங்கள் உதவ வேண்டும்: மகளுக்கு முன்னால் உங்கள் உம்மாவைக் குறை சொல்லாதீர்கள், ஏன் பார்த்துக்கொள்ளவில்லை என்று போனில் சத்தம் போடாதீர்கள், அந்த ஒரு வார்த்தையில் அவருடைய சொல்லுக்கு வீட்டில் மதிப்புப் போய்விடும். வகுப்பு ஆசிரியரின் நம்பரை வாங்கி மாதத்துக்கு ஒரு தரம் நீங்களே பேசுங்கள். வெளிநாட்டில் இருக்கும் தாய் நேரே பேசினால் ஆசிரியர்களுக்கும் அந்தப் பிள்ளை மேல் ஒரு கண் விழும்.

இன்னும் ஒன்று, கோபம் வரும்போது, உனக்காகத்தானே இங்கே கிடந்து கஷ்டப்படுகிறேன் என்று சொல்ல வாய் வரும். சொல்லாதீர்கள் மகள். அந்தப் பிள்ளை அதை ஏற்கனவே தூக்கிக்கொண்டுதான் திரிகிறது.

கேள்வி: மகளுக்கு இந்த முறை சாதாரண தரம். நாங்கள் கல்முனை. பள்ளிக்கூடம் போக ஆறு பாடத்துக்கு ஸூமில் ரியூசன். காசு குறையில்லாமல் கட்டுகிறேன். ஆனால் வகுப்பு நடக்கும்போது கெமராவும் நிறுத்தி, சத்தமும் நிறுத்தி, வேறு என்னவோ பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குச் சந்தேகம். போனைப் பறிக்கவா?

பதில்: தம்பி, பறித்தால் வகுப்பும் போய்விடும், பேச்சும் போய்விடும். முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடம், அதற்கு மேல் ஆறு பாடம் ஸூம், சாப்பாடு, தொழுகையோ கோயிலோ, தூக்கம். இதில் அவள் தனியாக இருந்து பேனை பிடித்து எழுத எந்த நேரம்? வகுப்பு என்பது கேட்பது. கேட்டதைத் தானே செய்து பார்க்கும்போதுதான் அது உள்ளே இறங்கும். சாதாரண தரத்துக்கு ஒன்பது பாடம், அதில் உண்மையாகவே வெளி உதவி தேவையானது எது என்று அவளிடமே கேளுங்கள், இரண்டு அல்லது மூன்று சொல்வாள், மற்றதை விட்டுவிடுங்கள். எல்லாரும் போகிறார்கள் என்பது காரணம் இல்லை. வகுப்புக் கூடினால்தான் அவள் கெமராவை நிறுத்திவிட்டு ஓடி ஒளிகிறாள், உடம்பும் மனமும் அவ்வளவுதான் தாங்கும்.

மிச்சமான வகுப்புகளை அறைக்குள் கட்டிலில் இருந்து கேட்காமல் ஹோலில் மேசையில் கேட்கட்டும், காதில் மாட்டிக்கொண்டு, பக்கத்தில் கொப்பி திறந்து. நீங்கள் எட்டிப் பார்க்க வேண்டாம், அதே ஹோலில் ஒரு கதிரையில் இருந்து உங்கள் வேலையைச் செய்யுங்கள். இரவில் வீட்டில் உள்ள எல்லாப் போனும் ஒரே இடத்தில் சார்ஜ் ஏறட்டும். எல்லாப் போனும் என்றால் உங்களுடையதும்தான். தகப்பன் படுக்கையில் போன் பார்த்துக்கொண்டு மகளைப் பார்க்காதே என்றால் பதினாறு வயதுக்கு அது ஏறாது.

கிழமைக்கு ஒரு நாள், ஞாயிறு காலை என்று வையுங்களேன், ஒரு கடந்தகால வினாத்தாளை மணிக்கூடு பார்த்து எழுதட்டும். கணிதம் இரண்டாம் பத்திரம் மூன்று மணித்தியாலம். ஒரே இருப்பில் மூன்று மணித்தியாலம் எழுதிப் பழகாத பிள்ளைக்குப் பரீட்சை மண்டபத்தில் இரண்டாவது மணித்தியாலத்தில் கையும் நோகும், யோசனையும் சிதறும். ஸூமில் எத்தனை பாடம் கேட்டாலும் அந்தக் கை பழகாது.

கேள்வி: வாழைச்சேனையில் இருந்து எழுதுகிறேன். மகன் சைக்கிளில் விழுந்து கால் முறிந்து மாப்போட்டு வைத்திருக்கிறது, ஆறு கிழமை வீட்டில். தரம் 6. பாடம் விட்டுப்போகுமே.

பதில்: விட்டுப்போகும் அக்கா, எல்லாத்தையும் பிடிக்கப் போகாதீர்கள். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் மூன்றும்தான் ஒன்றின் மேல் ஒன்று ஏறி வருகிற பாடங்கள், அவை அறுந்தால் பிறகு பிடிப்பது கஷ்டம். மற்றதைப் பாடப்புத்தகத்தில் வாசித்துக்கொண்டு போனால் போதும். வகுப்பு ஆசிரியரிடம் சொல்லி உங்கள் ஒழுங்கைப் பக்கம் வீடுள்ள ஒரு பிள்ளையைப் பிடியுங்கள், பள்ளிக்கூடம் விட்டுப் போகிற வழியில் கொப்பியைக் கொண்டு வந்து காட்டட்டும். அந்தப் பிள்ளைக்கு ஒரு துண்டு கேக்கும் தேத்தண்ணியும் கொடுத்து, இன்று சேர் என்ன சொன்னார் என்று மகனுக்குச் சொல்ல விடுங்கள். சொன்ன பிள்ளைக்கும் பாடம் ஏறும், இவனுக்கும் கூட்டாளி வந்த சந்தோஷம். பதினொரு வயதுக்கு ஆறு கிழமை தனிமை என்பது கால் நோவை விடப் பெரிது. வேலை முடிந்ததும் இரண்டு பேரும் கெரம் விளையாடட்டும்.

கேள்வி: ரீச்சர், நான் தரம் 9 படிக்கிறேன், திருக்கோவில். எங்கள் வீட்டில் ஒரு அறையும் ஒரு ஹோலும்தான். நான் படிக்க இருக்கும் நேரத்தில்தான் டிவி போகும். பெரியம்மாவின் மகள் கம்பஸ் போனவ, அவவைப் போல நீயும் படி என்று அம்மா எப்போதும் சொல்லுவா. எனக்குப் படிக்க விருப்பம்தான், ஆனால் இங்கே எப்படிப் படிப்பது?

பதில்: மகன், எனக்கு வந்த கடிதங்களில் பிள்ளை தானே எழுதியது உன்னுடையது ஒன்றுதான், கெட்டித்தனம். அம்மாவிடம் கேட்க வேண்டியதை நீ எனக்கு எழுதியிருக்கிறாய், அதனால் இதை வாசித்த பிறகு அம்மாவிடம் நேரே கேள். டிவி வேண்டாம் என்று கேட்காதே, அம்மாவுக்கும் நாள் முழுக்க வேலை, அது ஒன்றுதான் அவவின் பொழுது. ஏழில் இருந்து எட்டு வரை மட்டும் நிறுத்த முடியுமா என்று கேள். ஒரு மணித்தியாலம் என்று சொன்னால் மனுஷர் ஒத்துக்கொள்வார்கள்.

காலையில் நாலரைக்கு எழும்பிப் பார், வீடு உன்னுடையதாக இருக்கும். இரவில் மனப்பாடமாக ஏறாதது அந்த நேரத்தில் ஏறும், ஆனால் அதற்காக இரவு ஒன்பதரைக்குப் படுக்க வேண்டும், இரண்டையும் களவெடுக்க முடியாது. சனி ஞாயிறில் பொது நூலகத்துக்குப் போ. அங்கே வாசிக்க மேசை இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, காசு இல்லை. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் உன் ஊருக்குப் பக்கத்து மனுஷர்தான். 1892 இல் அவர் பிறந்தபோது இந்தக் கரையில் கரண்டும் இல்லை, டிவியும் இல்லை, அப்படியான ஊரில் இருந்து போய்த்தான் தமிழுக்குப் பேராசிரியராக இருந்தார். அவரைப் போல ஆகு என்று சொல்ல வரவில்லை, உன்னை இன்னொருவரோடு ஒப்பிட எனக்கும் விருப்பம் இல்லை. இந்தக் கரையில் இருந்தும் படிக்கலாம் என்பதற்குத்தான் சொன்னேன்.

இனி இது அம்மாவுக்கு. தங்கச்சி, உங்கள் மகன் படிக்க விருப்பம் என்று எழுதியிருக்கிறான், இதைக் கேட்க எத்தனை தாய்மார் காத்திருக்கிறார்கள். பெரியம்மாவின் மகளின் பேச்சை இந்தத் தவணை முடியும் வரை எடுக்காதீர்கள். ஏழு மணிக்கு டிவியை நிறுத்திவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குத் தேங்காய் துருவுகிற வேலையைக் குசினியில் இருந்து ஹோலுக்குக் கொண்டு வாருங்கள். அவன் வாசிக்கட்டும், நீங்கள் துருவுங்கள்.